படுத்த கம்பியும் 65 நிமிடமும்: சூரியக் கடிகாரம் பற்றி வாசகர் கேள்விகள்

சூரிய நிழலை வைத்து நேரம் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கணக்குகள் அனைத்தும் சிங்கப்பூருக்கானவை: வடக்கு அட்சரேகை 1.35 டிகிரி, கிழக்குத் தீர்க்கரேகை 103.8 டிகிரி. ஜோகூர் பாருவில் இருப்பவர்களும் இவற்றை அப்படியே பயன்படுத்தலாம். சென்னையில் இருப்பவர்கள் பயன்படுத்த முடியாது.

பூங்கா ஒன்றில் பார்த்த சூரியக் கடிகாரம் என் கைப்பேசியைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கி நின்றது. பழுதா? தவறாக வைத்துவிட்டார்களா?
*(பிடோக் வாசகர்)*

பழுதில்லை. ஒழுங்காகச் செய்து ஒழுங்காக வைத்த சூரியக் கடிகாரம் சிங்கப்பூரில் அப்படித்தான் காட்டும். நம் கைப்பேசி காட்டுவது 120 டிகிரி தீர்க்கரேகைக்குரிய நேரம். நாம் இருப்பதோ அதற்கு 16 டிகிரிக்குச் சற்று மேல் மேற்கே. சூரியன் ஒரு டிகிரி கடக்க 4 நிமிடம் ஆகும். ஆகவே 120 டிகிரியில் உச்சிக்கு வந்த சூரியன் நம் தலைக்கு மேல் வர மேலும் 65 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. தீவுக்குள்ளேயே சாங்கிக்கும் துவாஸுக்கும் இடையில் ஏறத்தாழ ஒன்றரை நிமிட வித்தியாசம் இருக்கிறது.

எப்போதும் இவ்வளவு இடைவெளி இருந்ததில்லை. 1905இல் சிங்கப்பூர் கிரீனிச்சைவிட 7 மணி நேரம் முந்திய நேரத்தை ஏற்றபோது சூரியனுக்கும் கடிகாரத்துக்கும் சுமார் 5 நிமிடம்தான் வேறுபாடு. 1933இல் 20 நிமிடம் கூட்டினார்கள், 1941இல் இன்னும் 10 நிமிடம். ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம் ஓடியது. போருக்குப் பின் ஏழரை மணிக்கே திரும்பியது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவோடு சேர்ந்து 8 மணி நேரக் கணக்குக்கு வந்தோம்.

65 நிமிடத்தைக் கூட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பூமியின் பாதை நீள்வட்டம், அதன் அச்சும் சாய்ந்தது. இந்த இரண்டினாலும் ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுது வரை ஒவ்வொரு நாளும் சரியாக 24 மணி நேரம் இருப்பதில்லை. சில நொடி மிச்சம், சில நொடி குறை. அவை நாளுக்கு நாள் சேர்ந்து நிமிடங்களாகின்றன. எனவே சூரியக் கடிகாரம் காட்டும் நேரத்தோடு சிங்கப்பூரில் கூட்ட வேண்டியது தேதிக்குத் தேதி மாறும்:

ஜனவரி 1 – 68 நிமிடம். ஜனவரி 15 – 74. பிப்ரவரி 11 – 79. மார்ச் 1 – 77. மார்ச் 15 – 74. ஏப்ரல் 1 – 69. ஏப்ரல் 15 – 65. மே 14 – 61. ஜூன் 13 – 65. ஜூலை 26 – 71. ஆகஸ்ட் 15 – 69. செப்டம்பர் 1 – 65. செப்டம்பர் 15 – 60. அக்டோபர் 1 – 54. நவம்பர் 3 – 48. டிசம்பர் 1 – 54. டிசம்பர் 25 – 65.

இடையில் வரும் தேதிகளுக்கு இரண்டு எண்களுக்கு நடுவே ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். பிப்ரவரி நடுவில் உச்சிப்பொழுது பிற்பகல் 1.19க்கு வருகிறது, நவம்பர் தொடக்கத்தில் 12.48க்கே வந்துவிடுகிறது. நம் ஊரில் பகல் நீளம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியிருந்தும் பிப்ரவரியில் தாமதமாக விடிகிறதே, நவம்பரில் சீக்கிரம் இருட்டுகிறதே என்று பலர் கவனித்திருப்பார்கள். அதற்குக் காரணம் இதுதான்.

உறவினர் லண்டனிலிருந்து பித்தளைச் சூரியக் கடிகாரம் வாங்கி வந்தார். முக்கோண முள் வைத்தது. மேற்சொன்ன நிமிடங்களைக் கூட்டியும் நேரம் பொருந்தவில்லை. இதைச் சரிசெய்ய முடியுமா? முடியாவிட்டால் நானே ஒன்று செய்துகொள்ள வழி சொல்லுங்கள்.
*(தெம்பனிஸ் வாசகர்)*

முள்ளின் சாய்ந்த விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். சூரியக் கடிகாரத்தின் உயிர்நாடியே அதுதான். லண்டனில் அச்சு தரையிலிருந்து சுமார் 51 டிகிரி எழுந்து நிற்கிறது. சிங்கப்பூரில் வெறும் 1.35 டிகிரி. உங்கள் கடிகாரத்தின் தெற்கு விளிம்பைத் தூக்கி, தட்டு வடக்கு நோக்கி 50 டிகிரி சரியும்படி ஆப்பு வைத்தால் முள் ஏறத்தாழ கிடைமட்டத்துக்கு வந்துவிடும், நேரமும் சரியாகும். ஆனால் அந்தத் தட்டின் மேல் வெயில் படுவது லண்டன் பகல் அளவுக்குத்தான். ஜூனில் நாள் முழுக்கப் படும். டிசம்பரில் சூரிய நேரப்படி காலை 8லிருந்து மாலை 4 வரைதான்.

முக்கோண முள்ளையே 1.35 டிகிரிக்கு வெட்டிச் செய்யலாமா என்றால், கூடாது. எல்லா மணிக்கோடுகளும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் அமைப்பு அது. நம் அட்சரேகையில் உச்சிக்கு ஒரு மணி நேரம் முந்திய கோடு நடுக்கோட்டிலிருந்து 0.36 டிகிரிதான் விலகும். 5 மணி நேரம் முந்திய கோடுகூட 5 டிகிரிதான். பத்துக் கோடுகளும் 10 டிகிரிக்குள் நெருங்கிக்கொள்ளும். புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைக்கும் பெரும்பாலான வரைபடங்கள் வடக்கே வெகுதூரத்தில் உள்ள நாடுகளுக்கானவை. அவற்றைப் படியெடுத்துப் பள்ளித் திட்டப்பணி செய்யும் பிள்ளைகள் தங்கள் கைவேலைதான் தவறு என்று சோர்ந்துபோகிறார்கள். கைவேலையில் குற்றமில்லை, வரைபடம் நம் ஊருக்கானதல்ல.

இங்கே முள்ளைப் படுக்க வைக்க வேண்டும். தட்டுக்கு இணையாக, வடக்கு தெற்காக ஒரு கம்பி. அதன் நிழல் காலையில் மேற்கே விழுந்து, உச்சியில் கம்பிக்கு நேர் கீழே வந்து, மாலையில் கிழக்கே நகரும். மணிக்கோடுகள் ஒன்றுக்கொன்று இணையான நேர்கோடுகள். வரைவதும் எளிது, வாசிப்பதும் எளிது.

தட்டுக்கு 60 செ.மீ. x 30 செ.மீ. தரை ஓடு ஒன்று போதும். வெளிர் நிறம், மங்கலான பரப்பு. பளபளப்பான ஓடு கண்ணைக் கூசச் செய்யும், நிழலும் தெளிவாகத் தெரியாது. ஒட்டுப்பலகை நம் மழைக்கு ஊதி வளையும். அக்ரிலிக் தகடு வெயிலில் நெளியும். ஓட்டின் நீளப்பக்கத்தைக் கிழக்கு மேற்காக வையுங்கள். மேற்கு விளிம்பிலிருந்து 32 செ.மீ. தள்ளி வடக்கு தெற்காக ஒரு கோடு கிழியுங்கள். அதுதான் உச்சிக்கோடு. அதன் இரு முனைகளிலும் எல் வடிவக் கோணத் தகடுகளை எப்பாக்ஸி பசையால் ஒட்டி, அவற்றுக்கு இடையே 3 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் பொருத்துங்கள். ஓட்டின் மேற்பரப்பிலிருந்து கம்பியின் நடுமையம் வரை சரியாக 10 செ.மீ. இருக்க வேண்டும். கம்பியின் அடிப்பக்கத்துக்கு அளந்துவிடாதீர்கள்.

65 நிமிடத்தைக் கோடுகளிலேயே அடக்கிவிடலாம். உச்சிக்கோட்டிலிருந்து ஒவ்வொரு மணிக்கோடும் இருக்க வேண்டிய தூரம்: மேற்குப் பக்கம் காலை 8.30க்கு 25.7 செ.மீ., 9க்கு 18.2, 10க்கு 10.4, 11க்கு 6.1, பகல் 12க்கு 2.9, 1 மணிக்கு 0.2. கிழக்குப் பக்கம் 2 மணிக்கு 2.4, 3க்கு 5.5, 4க்கு 9.6, 5க்கு 16.5, 5.30க்கு 22.7. இடைப்பட்ட கோடுகள் வேண்டுமானால், கடிகார நேரத்துக்கும் 1.05க்கும் உள்ள வித்தியாசத்தை நிமிடமாக்கி 4ஆல் வகுங்கள். கிடைக்கும் டிகிரிக்கு டேன்ஜென்ட் (கணிப்பானில் tan) மதிப்பு பார்த்து 10ஆல் பெருக்கினால் தூரம் செ.மீட்டரில் வரும். எண்ணெய் வகை வண்ணப் பேனாவால் எழுதுங்கள். சாதாரண மார்க்கர் வெயிலில் வெளுத்துவிடும்.

இப்படி வரைந்த தட்டில், முன்பு சொன்ன பட்டியலில் 65க்கு மேலோ கீழோ உள்ளதை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். பிப்ரவரி 11இல் 14 நிமிடம் கூட்டுங்கள். நவம்பர் 3இல் 17 நிமிடம் கழியுங்கள்.

கடைசியாக, ஓட்டின் வடக்கு விளிம்பை 7 மி.மீ. உயர்த்துங்கள். 30 செ.மீ. அகலத்துக்கு 1.35 டிகிரி அவ்வளவுதான். சோம்பலில் விட்டுவிட்டாலும் பெரிய கேடில்லை: ஜூனிலும் டிசம்பரிலும் காலை மாலை வேளைகளில் 2 நிமிடம்வரை தவறும், மார்ச்சிலும் செப்டம்பரிலும் தவறே தெரியாது.

நிழலின் ஓரம் ஏன் மங்கலாக இருக்கிறது என்ற கேள்வி அடுத்து வரும். சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமான வட்டம். அந்த அகலத்தைக் கடக்க அதற்கே 2 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஓரத்தைப் பார்க்காமல் நிழலின் நடுவைப் பார்த்து வாசித்தால் அரை நிமிடத் துல்லியம் கிடைக்கும். கம்பியிலிருந்து 32 செ.மீ. தாண்டினால் 3 மி.மீ. கம்பியின் கருநிழல் மறைந்து சாம்பல் கோடு மட்டும் மிஞ்சும். காலை 8.30க்கு முன்னால் கோடு வரையாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். மெல்லிய கம்பி வைத்தால் துல்லியம் கூடும் என்று சிலர் 1 மி.மீ. கம்பி வைக்கிறார்கள், நிழலே காணாமல் போகும்.

நீங்கள் சொல்வதைப் போன்ற இணைகோட்டுக் கடிகாரம் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். காலையில் பின்தங்குகிறது, மாலையில் முந்துகிறது, நடுப்பகலில் சரியாக இருக்கிறது. எங்கே பிழை?
*(ஈசூன் வாசகர்)*

கம்பி உயரமாகிவிட்டது. 10 செ.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 10.2 இருந்தாலே காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் 2 நிமிடத்துக்கு மேல் தவறும். உச்சியில் தவறு தெரியாது. தாழ்ந்திருந்தால் தலைகீழாக, காலையில் முந்தி மாலையில் பின்தங்கும்.

தவறு எந்த வேளையில் எப்படி வருகிறது என்று பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். காலை முதல் மாலை வரை ஒரே அளவு தவறினால் தட்டு கிழக்கு மேற்காகச் சாய்ந்திருக்கிறது. இதுதான் மிகக் கடுமையான பிழை: 60 செ.மீ. நீளத்தில் 5 மி.மீ. சாய்வுக்கு 2 நிமிடம், 1 டிகிரி சாய்வுக்கு முழுதாக 4 நிமிடம். கைப்பேசிச் செயலியை நம்பாமல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒருமுறை பார்த்ததும் ரசமட்டத்தை முனை மாற்றித் திருப்பி வைத்து மீண்டும் பாருங்கள். இரண்டு முறையும் குமிழி ஒரே இடத்தில் நின்றால்தான் மட்டம்.

ஜூன் நடுப்பகலில் ஒரு பக்கமும் டிசம்பர் நடுப்பகலில் எதிர்ப்பக்கமும் தவறினால் திசை பிசகியிருக்கிறது. 1 டிகிரி பிசகுக்கு அந்த மாதங்களில் 1.7 நிமிடம். மார்ச், செப்டம்பரில் மட்டும் சோதித்துப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று சிமெண்டு போட்டுவிடாதீர்கள். அந்த மாதங்களில் திசைப் பிசகு வெளியே தெரியாது.

காந்த ஊசி எங்கள் வீட்டு நடைபாதையில் ஒரு வடக்கும் கீழ்த்தளத்தில் வேறொரு வடக்கும் காட்டுகிறது. எதை நம்புவது?
*(உட்லண்ட்ஸ் வாசகர்)*

இரண்டையும் நம்ப வேண்டாம். சிங்கப்பூரில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு அரை டிகிரிக்கும் குறைவு. அது ஒரு பொருட்டல்ல. தொல்லை கொடுப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளும் கைப்பிடிக் கம்பிகளும்தான். கைப்பேசி உறையில் காந்தப் பூட்டு இருந்தால் அதுவும் ஊசியை இழுக்கும்.

நிழலிலேயே திசை எடுங்கள். மட்டமான அட்டையில் 20 செ.மீ. குச்சியைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். குச்சியின் அடியை மையமாக வைத்து 15, 20, 25 செ.மீ. ஆரத்தில் மூன்று வட்டங்கள். ஒரு வட்டம் போதாதா என்றால், பிற்பகல் மேகம் அந்த ஒன்றை மறைத்துவிட்டால் காலை உழைப்பு வீண். காலையில் நிழல் நுனி ஒவ்வொரு வட்டத்தையும் தொட்டு உள்ளே வரும் இடத்தையும், பிற்பகலில் அதே வட்டத்தைத் தொட்டு வெளியேறும் இடத்தையும் குறியுங்கள். 20 செ.மீ. வட்டத்துக்கு இது காலை 10 மணியை ஒட்டியும் மாலை 4 மணியை ஒட்டியும் நடக்கும். ஒரே வட்டத்தின் இரு புள்ளிகளை இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. அதற்கு மூலைமட்டம் வைத்தால் வடக்கு தெற்கு.

உச்சிநேரத்தில் தூக்குக்குண்டு நூலின் நிழலைக் குறித்து வடக்கு எடுக்கும் முறை வெளிநாடுகளில் நன்றாக வேலை செய்கிறது. இங்கே சூரியன் தலைக்கு மேலேயே கடப்பதால் நிழலின் திசை மிக வேகமாகத் திரும்பும். ஜூனில்கூட ஒரு நிமிடம் தாமதித்தால் 0.6 டிகிரி பிசகும். நொடிக்கணக்கில் நேரம் பார்த்துக் குறிப்பவர்கள் மட்டும் அதில் இறங்கலாம்.

சிங்கப்பூரில் நிழலே விழாத நாள் உண்டா?
*(சுவா சூ காங், உயர்நிலைப் பள்ளி மாணவி)*

உண்டு, ஆண்டில் இரு முறை. மார்ச் 23 அல்லது 24இல் பிற்பகல் 1.11 வாக்கில், செப்டம்பர் 19 அல்லது 20இல் பிற்பகல் 12.58 வாக்கில். ஒரு நாள் தள்ளிப் பார்த்தாலும் 1 மீட்டர் கோலுக்கு சுமார் 7 மி.மீ. நிழல்தான் மிஞ்சும், எனவே மேகம் போட்டால் மனம் தளராமல் மறுநாள் பாருங்கள். அந்த நாள்களில் இன்னொரு வசதியும் உண்டு. காலை முழுவதும் நிழல் நேர் மேற்கே கிடக்கும், பிற்பகல் முழுவதும் நேர் கிழக்கே. வட்டமும் வேண்டாம், மூலைமட்டமும் வேண்டாம்.

அந்தக் காலத்தில் துரும்பை மடித்து நாழிகை பார்ப்பார்கள் என்று பாட்டி சொல்வார். 16 பாகமாக எடுத்து, கிடப்பது போக நிற்பது நாழிகை என்பார். அது இங்கே சரியாக வருமா?
*(ஜூரோங் வெஸ்ட் வாசகர்)*

வரும், எப்போது வரும், எப்போது வராது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

தென்னை ஈர்க்கு ஒன்றை 16 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, செ.மீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். பழைய கணக்கில் விரற்கடை என்றாலும் அளவு எதுவானாலும் கவலையில்லை. 16 சம பாகமாக இருந்தால் போதும். அதை எல் வடிவில் மடித்து, ஒரு பகுதி தரையில் நிழல் விழும் திசையில் கிடக்க, மற்றது செங்குத்தாக நிற்கட்டும். நிற்பதன் நிழல் கிடப்பதை முழுவதுமாக மூடி, அதன் நுனியில் சரியாக முடியும்வரை மடிப்பை நகர்த்துங்கள். நிற்கும் பகுதி எத்தனை பாகமோ அத்தனை நாழிகை, காலையானால் சூரியன் உதித்து ஆனது. பிற்பகலானால் மறைய இருப்பது. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம்.

மார்ச், செப்டம்பரில் சிங்கப்பூரில் கணக்கிட்டால், உதித்து 1 மணி நேரத்தில் இரண்டரை நாழிகைக்குப் பதில் 3.4 காட்டும், அதாவது 20 நிமிடம் கூடுதல். 3 மணி நேரத்தில் ஏழரைக்குப் பதில் 8. 4 மணி நேரத்தில் 10க்கு 10.1, 5 மணி நேரத்தில் பன்னிரண்டரைக்கு 12.6. ஓர் ஈர்க்குக்கு இது வியக்கத்தக்க நெருக்கம். மும்முறை பெருக்கி வகுக்காமல், கையில் கருவியே இல்லாமல் இதை எட்டியவர்களின் அறிவை எண்ணி மதிக்க வேண்டும்.

ஜூனிலும் டிசம்பரிலும் உச்சியை நெருங்கும்போது மட்டும் இதை நம்பாதீர்கள். சூரியன் தலைக்கு நேர் மேலே வருவதில்லை. ஆகவே ஈர்க்கு முழுவதும் நிமிராது. உச்சியில் 15 நாழிகைக்குப் பதில் ஜூனில் 11.4உம் டிசம்பரில் 10.9உம்தான் காட்டும். ஒன்றரை மணி நேரத் தவறு. அந்த மாதங்களில் கடிகார நேரம் காலை 11 வரையிலும், பிற்பகல் 3க்குப் பிறகும் பார்த்தால் தவறு 25 நிமிடத்துக்குள் அடங்கும்.

அஸர் (பிற்பகல் தொழுகை) நேரத்தை நிழல் அளந்து பிள்ளைகளுக்குக் காட்டித்தர விரும்புகிறேன். எப்படி அளப்பது?
*(தோ பாயோ வாசகர்)*

1 மீட்டர் கோல் ஒன்றை மட்டமான தரையில் நேராக நிறுத்துங்கள். முதலில் உச்சிநேர நிழலை அளக்க வேண்டும். பலரும் விட்டுவிடும் படி இதுதான். நிழல் மேலும் குறுகாமல் நின்று மீண்டும் நீளத் தொடங்கும் அந்த மிகக் குறைந்த அளவு அது, அதன்பின் லுஹர் (நண்பகல் தொழுகை) நேரம். ஜூன் 21ஐ ஒட்டி அது 41 செ.மீ., தெற்கு நோக்கி. டிசம்பர் 21ஐ ஒட்டி 46 செ.மீ., வடக்கு நோக்கி. மார்ச், செப்டம்பர் மூன்றாம் நான்காம் வாரங்களில் ஏறத்தாழ இல்லை. அந்த அளவோடு கோலின் நீளமான 100 செ.மீட்டரைக் கூட்டுங்கள். நிழல் அந்த நீளத்தை எட்டும்போது இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஷாஃபி வழிமுறைப்படி அஸர் தொடங்குகிறது. இன்னொரு மரபான ஹனஃபி வழிமுறையில் கோலின் நீளத்தை இரு மடங்காகக் கூட்ட வேண்டும்.

ஷாஃபி கணக்குப்படி மார்ச் 23இல் மாலை 4.11 வாக்கிலும், ஜூன் 21இல் 4.33 வாக்கிலும், டிசம்பர் 21இல் 4.28 வாக்கிலும் நிழல் அங்கே போய்ச் சேரும். உச்சி நிழலைக் கூட்ட மறந்தால் ஜூனிலும் டிசம்பரிலும் அரை மணி நேரத்துக்கு மேல் முன்கூட்டியே அஸர் வந்துவிட்டதாகத் தோன்றும். தொழுகைக்கு முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) வெளியிடும் அட்டவணையையே பின்பற்றுங்கள். அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பிள்ளைகள் புரிந்துகொள்ளத்தான் இந்தக் கோல்.

கும்பகோணம் பக்கம் திருவிசநல்லூர் கோயிலில் சுவரில் அரைவட்டமாக அமைத்து நடுவில் ஊசி வைத்த சூரியக் கடிகாரம் பார்த்தேன். அதுபோல எங்கள் வீட்டுத் தெற்குச் சுவரில் செய்யலாமா?
*(அங் மோ கியோ வாசகர்)*

வரைவது மிகச் சுலபம். சிங்கப்பூரில் தெற்குச் சுவர் ஏறத்தாழ பூமத்தியரேகைத் தளத்துக்கு இணையாகவே நிற்கிறது. சுவருக்குச் செங்குத்தாக ஓர் ஆணி, அதன் கீழே 15 டிகிரிக்கு ஒரு கோடு, எல்லாம் சம இடைவெளி. சுவரைப் பார்த்து நின்றால் காலை நிழல் இடப்பக்கம், மாலை நிழல் வலப்பக்கம். மணிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடும். வடக்குச் சுவரில் கடிகார முள்ளின் திசையிலேயே ஓடும்.

சிக்கல் வெயிலில்தான். தஞ்சைப் பகுதி 11 டிகிரியில் இருப்பதால் அங்கே தெற்குச் சுவரில் ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி தாண்டியும் நடுப்பகல் வெயில் படும். நமக்கு செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரைதான். அதிலும் டிசம்பர் உச்சியில்கூடச் சூரியன் 65 டிகிரி உயரத்தில் நிற்பதால், மேல்மாடியின் தளம் 1.2 மீட்டர் வெளியே நீண்டிருந்தால் அதன் நிழல் 2.6 மீட்டர் கீழே இறங்கும். உங்கள் சுவர் முழுவதும் அதற்குள் போய்விடும். மேலே எதுவும் நீளாத தரைவீட்டுச் சுவருக்குத்தான் இது பொருந்தும்.

அதற்காக ஜன்னலுக்கு வெளியேயோ தடுப்புச் சுவர் மேலேயோ எதையும் பொருத்தாதீர்கள். கீழே விழுந்தால் உயிருக்கு ஆபத்து. பொது நடைபாதையில் வைப்பதானாலும் 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்க வேண்டும்.

மகன் தொடக்கநிலை 5இல் படிக்கிறான். டேன்ஜென்ட் எல்லாம் இன்னும் படிக்கவில்லை. அவனே கணக்கிட்டுச் செய்யக்கூடிய ஒன்று சொல்லுங்கள்.
*(பொங்கோல் வாசகர்)*

பிவிசி குழாயை நீளவாக்கில் பாதியாக வெட்டுங்கள். வெட்டும் வேலை பெரியவர்களுடையது. 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. அளவு உள்விட்டம் போதும். திறந்த பக்கம் மேலே இருக்க, வடக்கு தெற்காகக் கிடத்தி, வடக்கு முனைக்கு அடியில் 7 மி.மீ. அட்டை வையுங்கள். இரு முனையிலும் வெட்டு விளிம்புகளை இணைத்து ஒரு மெல்லிய குறுக்குச் சட்டம். இரு சட்டங்களின் நடுப்புள்ளியிலிருந்தும் 1.5 மி.மீ. கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். முனைகளை வட்டத் தகடு போட்டு மூடக் கூடாது. ஜூனில் வடக்குத் தகடும் டிசம்பரில் தெற்குத் தகடும் உள்ளே நிழல் போட்டுக் கெடுக்கும்.

குழாயின் உட்புறத்தில் நிழல் ஒவ்வொரு மணி நேரமும் ஒரே தூரம்தான் நகரும். உள்விட்டத்தை மி.மீட்டரில் அளந்து 3.14ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் அந்தத் தூரம் கிடைக்கும். 150 மி.மீ. குழாய்க்கு 19.6 மி.மீ. அவன் படித்த கணக்கே போதும்.

அந்த இடைவெளியில் காலை 7 முதல் இரவு 7 வரை ஒரு காகிதப் பட்டையில் கோடு போட்டு எழுதச் சொல்லுங்கள். காலை மணிகள் மேற்குப் பக்கம் வர வேண்டும். பட்டையைப் பசை போட்டு ஒட்டாமல் இரு விளிம்பிலும் கவ்விகளால் பிடித்து வையுங்கள். குழாயின் அடிக்கோட்டில், அதாவது கம்பிக்கு நேர் கீழே, அன்றைய உச்சிநேரம் வருமாறு பட்டையை நகர்த்த வேண்டும்: பிப்ரவரி நடுவில் 1.19, மே நடுவில் 1.01, ஜூலைக் கடைசியில் 1.11, நவம்பர் தொடக்கத்தில் 12.48. இந்த மாற்றம் முழுவதும் 10 மி.மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. பட்டையை அந்த அளவு கூடுதல் நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முதல் பட்டியலைப் பார்த்து நகர்த்தினால், கூட்டல் கழித்தல் இல்லாமல் நிழல் நேராகக் கடிகார நேரத்தையே காட்டும். செப்டம்பரிலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் மட்டும் வாரம் ஒருமுறை நகர்த்துங்கள். அந்த மூன்று மாதங்களில் வேறுபாடு வேகமாக மாறும். மழைக்குக் காகிதம் தாங்காது. நீர்புகாத ஒட்டுத்தாளில் அச்சிட்டு, ஒட்டாமல் பின்தாளோடு வைத்தால் ஓராண்டு வரும்.